பெயருக்கு நடுவில் ஒரு சாய்கோடு

மலேசியத் தமிழர் பலரின் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே ஒரு சாய்கோடு இருக்கும். முதலில் தன் பெயர், அடுத்து ஏ/எல் அல்லது ஏ/பி, அதற்கும் அடுத்து தந்தையின் பெயர். 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்னும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது: மகன், மகள். பள்ளிச் சான்றிதழ், திருமணப் பதிவு, சம்பளச் சீட்டு என்று எங்கும் கூடவே வரும் அந்தக் கோட்டை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. கணினி ஒன்று அதை ஏற்க மறுக்கும் நாளில்தான் கவனம் போகிறது.

இணைய முகவரிகளில் சாய்கோட்டுக்கு வேறு வேலை உண்டு. வீட்டுக்குள் அறை, அறைக்குள் அலமாரி என்று இடம் பிரித்துக் காட்டும் குறி அது. ஊழியரின் பெயரை அப்படியே முகவரியாக்கும் பழைய நிரல் ஒன்று இருந்தால், அது 'குமார் ஏ' என்ற அறையைத் திறந்து, உள்ளே 'எல் முனியாண்டி' என்ற அலமாரியைத் தேடும். அப்படி ஓர் அறையே கிடையாது. பக்கம் இல்லை என்று பதில் வரும். ஓர் அரசு அலுவலகத்தின் உள்வலையை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பணியில் நாள்கணக்காக நேரத்தைத் தின்பவை இத்தகைய சின்னஞ்சிறு கோடுகள்தாம்.

உள்வலை, அதாவது இன்ட்ராநெட், அலுவலகத்துக்குள் வேலை செய்பவர்களுக்கு மட்டும் திறக்கும் இணையத்தளம். செராஸில் தாமான் மிடாவிலோ பத்து ஒன்பதிலோ குடியிருந்து, காலை நெரிசலைத் தாண்டி புத்ராஜெயாவுக்குப் போகும் அரசு ஊழியர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். இருக்கையில் அமர்ந்ததும் அவர் பார்க்க வேண்டியவை எல்லாம் அங்கேதான் இருக்கும். புதிய பெக்கெலிலிங், அதாவது சுற்றறிக்கை, வந்திருக்கிறதா? மாலைக் கூட்டம் எந்த அறையில்? பயணப்படி கேட்கும் போராங், அதாவது படிவம், எங்கே? மூன்றாம் மாடிக் கணக்குப் பிரிவின் தொலைபேசி எண் என்ன? பொதுமக்கள் கண்ணில் படாத இந்தப் பக்கங்கள் ஒழுங்காக இருந்தால் முகப்பில் காத்து நிற்பவரின் வேலை சட்டென்று முடியும். பழைய சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டுப் பழைய கட்டணத்தைச் சொல்லும் எழுத்தர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவர் திரையில் இருந்தது அதுதான்.

தொடக்க கால அலுவலகத் தளங்களில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பு. ஒரு தொலைபேசி எண்ணை மாற்றவும் நிரல் தெரிந்த ஒருவர் வேண்டும். உள்ளடக்க மேலாண்மை அமைப்பு இந்த நிலையை மாற்றியது. எழுத்தெல்லாம் தரவுத்தளத்தில் இருக்கும். பக்கத்தின் தோற்றம் வார்ப்புருவில் இருக்கும். மின்னஞ்சல் எழுதத் தெரிந்த எவரும் அறிவிப்பைத் தட்டச்சு செய்து வெளியிடலாம். அதிகாரி ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகுதான் வெளிவர வேண்டும் என்றும் ஏற்பாடு செய்யலாம்.

மலேசிய அரசு இந்தத் துறைக்குப் புதியதன்று. 1996-இல் தொடங்கிய மல்டிமீடியா சூப்பர் கோரிடோர் காலத்திலேயே மின் அரசாங்கம் முதன்மைத் திட்டங்களில் ஒன்றாக இருந்தது. அதன் ஒரு கிளையான 'பொது அலுவலகச் சூழல்', கோப்பு, தகவல் தொடர்பு, கூட்டுப்பணி மூன்றையும் ஊழியரின் கணினிக்கே கொண்டுவர முயன்றது. அலுவலகங்களில் புழங்கிய மென்பொருள்களில் பெரும்பகுதி வெளிநாட்டு நிறுவனங்களிடம் உரிமம் பெற்றவை. உரிமக் கட்டணம் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும். அதைவிடப் பெரிய சிக்கல், எப்போது மாற வேண்டும் என்பதை விற்றவர் முடிவு செய்வது. லோட்டஸ் நோட்ஸ் ஐபிஎம் கையிலிருந்து 2019-இல் எச்சிஎல் கைக்குப் போனது. மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயிண்ட் 2013 பதிப்புக்கு 2023 ஏப்ரலில் ஆதரவு நின்றது. 2016, 2019 பதிப்புகளுக்கு 2026 ஜூலை 14 கடைசி நாள் என்று நிறுவனம் அறிவித்தது. அந்தத் தேதி எந்த அரசின் நிதியாண்டையும் பார்த்துக் குறித்ததில்லை.

இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலகி நடக்கும் முயற்சியாக மலேசியாவில் 2004-இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டம் வந்தது. நடத்தியது மாம்பு. 1977-இல் பிரதமர் துறையின் கீழ் அமைந்த, நிர்வாக நவீனமயத்துக்கும் மேலாண்மைத் திட்டமிடலுக்குமான பிரிவின் சுருக்கப் பெயர் அது. மலாயில் 'மாம்பு' என்றால் இயலும், ஆற்றல் உண்டு என்று பொருள். சைபர்ஜெயாவில் திறமூலத் திறன் மையம் ஒன்றும் அமைந்தது. முதல் கட்டத்தில் அடித்தளம் இடுதல், இரண்டாவதில் விரைவுபடுத்துதல், மூன்றாவதில் தற்சார்பு என்று திட்டம் மூன்றாகப் பிரிந்திருந்தது. மூன்றாவது கட்டத்தின் பெயரில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. மென்பொருளை இலவசமாக இறக்குவது ஒரு நாள் வேலை. அதை நம் ஆட்களே பழுது பார்த்து நடத்தும் நிலைக்கு வர ஆண்டுகள் ஆகும்.

அந்த மையம் சும்மா அறிக்கை எழுதிக்கொண்டு இருக்கவில்லை. 'மைமீட்டிங்' என்ற மென்பொருளை உருவாக்கி அரசு அலுவலகங்களுக்குக் கொடுத்தது. கூட்டத்தில் எடுத்த முடிவு, அதற்குப் பொறுப்பானவர், பணி முடிந்ததா இல்லையா என்பதை அது தொடர்ந்து கண்காணிக்கும். கூட்டக் குறிப்புகள் கோப்பில் உறங்கிப்போவதை அன்றாடம் பார்த்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு கருவி செய்யத் தோன்றும். பெருந்திட்டத்தின் பாதையும் நேராக இருக்கவில்லை. தொடக்கத்தில், தகுதி சமமாக இருந்தால் திறமூலத்துக்கு முன்னுரிமை என்ற கொள்கை இருந்தது. 2006-இல் அது தொழில்நுட்ப நடுநிலை என்று மாறியது. ஆனாலும் அலுவலகத்துக்குள் கற்ற கை கற்ற கைதான். அதன் பலன் அரசுத் தளங்களில் தெரிந்தது.

அந்தத் தளங்கள் பலவற்றில் நுழைந்த உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் ஜூம்லா. மாம்போ என்ற திறமூல மென்பொருளை எழுதிவந்தவர்கள், அதன் உரிமையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலிய நிறுவனத்தோடு ஒத்துப்போகாமல் 2005 ஆகஸ்டில் பிரிந்தார்கள். நிரலை எடுத்துக்கொண்டு பிரிய அவர்களுக்கு உரிமை இருந்தது. திறமூல உரிமத்தின் பொருளே அதுதான். அடுத்த மாதமே ஜூம்லாவின் முதல் பதிப்பு வந்தது. 'எல்லாம் சேர்ந்து' என்று பொருள்படும் ஸ்வாஹிலிச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. அரபியில் பிறந்த அந்தச் சொல் மலாய்க்கும் வந்திருக்கிறது. கடைப் பற்றுச்சீட்டின் அடியில் 'ஜும்லா' என்று அச்சாகியிருப்பதைப் பார்க்காத மலேசியர் இல்லை. மொத்தத் தொகை!

ஜூம்லாவும், அதே வேலையைச் செய்யும் துருப்பல், வேர்ட்பிரஸ் இரண்டும் ஜிபிஎல் என்ற பொது உரிமத்தில் வருபவை. பயன்படுத்தலாம், திறந்து படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் தரலாம். உரிமக் கட்டணம் இல்லை. செலவு இல்லை என்று இதற்குப் பொருளாகாது. வழங்கி வேண்டும், பயிற்சி வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்களை அன்றன்றைக்கே போடும் ஆள் வேண்டும். வெளிநாட்டுக்குப் போன பணம் இங்குள்ளவர்களின் சம்பளமாகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமா?

குடிபெயர்ப்பு எப்படி நடக்கிறது? முதல் வேலை கணக்கெடுப்பு. பழைய உள்வலையில் என்னென்ன பக்கங்கள், என்னென்ன கோப்புகள், யார் பொறுப்பு, கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று பட்டியல் போட வேண்டும். ஒரே விடுப்புப் படிவம் நான்கு இடத்தில் நான்கு வடிவத்தில் கிடக்கும். எது நடப்பில் உள்ளது என்று மென்பொருளால் சொல்ல முடியாது. அந்தப் பிரிவில் பல ஆண்டு இருந்த எழுத்தரைத்தான் கேட்க வேண்டும். வருடப்பட்ட பழைய சுற்றறிக்கைகள் வெறும் படங்களாக இருக்கும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது.

வேண்டாததை அழித்துவிடலாம் என்றால் அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. 2003-ஆம் ஆண்டு தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, பொது ஆவணங்களைக் காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதி இல்லாமல் அழிக்கக் கூடாது. உள்வலையில் இருக்கும் பழைய கூட்டக் குறிப்பும் ஆவணமாகலாம். ஆகவே புதிய தளத்துக்குப் போக வேண்டியவை, காப்பகத்தின் பார்வைக்குப் போக வேண்டியவை, உண்மையிலேயே குப்பை என்று மூன்று குவியல்கள் போட வேண்டும். இந்தப் பிரிப்பை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட முடியாது.

அடுத்தது, யார் எதைப் பார்க்கலாம் என்ற கேள்வி. 1972-ஆம் ஆண்டு அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தின் வழியில் மலேசிய அரசுக் கோப்புகளுக்கு நான்கு தரங்கள் உண்டு: ரஹ்சியா பெசார், ரஹ்சியா, சூலிட், தெர்ஹாட். சிவப்பு முத்திரை குத்திய கோப்புறைகளை அலுவலகத்தில் பார்த்தவர்களுக்கு இவை பழக்கமான சொற்கள். ஜூம்லாவின் பழைய 1.5 பதிப்பிலோ எல்லோருக்கும், பதிவு செய்தோருக்கு, சிறப்பு அனுமதி உள்ளோருக்கு என்று மூன்றே பார்வை நிலைகள். 2011 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில்தான் குழுக்களையும் அனுமதிகளையும் விருப்பம்போல் வகுக்கும் வசதி சேர்ந்தது. ஒரு பிரிவின் வரைவை இன்னொரு பிரிவு பார்க்காமல் மறைக்க அதுவரை துணைநிரல்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. உயர்ந்த ரகசியத் தரம் உள்ளவற்றை உள்வலையில் வைக்கவே கூடாது என்று முதல் நாளே முடிவெடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பெயர்களுக்கு வருவோம். மேலைநாட்டு மென்பொருள் பலவற்றில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். வேர்ட்பிரஸிலும் அப்படித்தான். தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரைக் குடும்பப் பெயராக இட்டால் தொலைபேசிப் பட்டியல் மகனை விட்டுவிட்டு அப்பனின் பெயரில் வரிசையாகும். மலாய்க்காரர்களின் 'பின்', 'பிந்தி'க்கும் இதே பாடு. ஜூம்லாவின் பயனர் பதிவில் பெயருக்கு ஒரே கட்டம்தான். முழுப் பெயரும் சாய்கோட்டோடு அதில் அடங்கும். முகவரி உண்டாக்கும்போது சாய்கோட்டைச் சிறு இணைப்புக்கோடாக மாற்றிக்கொள்ளும். ஆக, குழப்பம் வருவது பெரும்பாலும் புதிய மென்பொருளில் இல்லை. பழைய தரவை அள்ளிக்கொண்டு வர அவசரமாக எழுதும் இடைநிரலில் வருகிறது.

தமிழ் எழுத்துக்கும் ஒரு சோதனை உண்டு. மலாய்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் இருப்பதால் ஜூம்லா அவற்றிலிருந்தே முகவரியை உண்டாக்கிவிடும். தமிழில் தலைப்பிட்டால், யூனிகோடு முகவரி என்ற அமைப்பை முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருளுக்கு ஓர் எழுத்தும் பிடிபடாமல், அந்த நேரத்துத் தேதியையும் மணியையும் முகவரியாக வைத்துவிடும். தமிழ்ப்பள்ளிகளுக்கான அறிவிப்பு ஒன்று வெறும் எண் வரிசையாகிப்போகும். தரவுத்தளத்தில் இன்னொரு பொறி. மைசீக்குவல் என்ற தரவுத்தள மென்பொருள் 2018-இல் 8.0 பதிப்பு வரும்வரை ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியேற்றத்தைத்தான் இயல்பாக வைத்திருந்தது. யூனிகோடு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். பழைய அட்டவணையிலிருந்து கவனமின்றிப் பெயர்த்தால் மூன்றும் தனித்தனியே சிதறும். 'அ' இருந்த இடத்தில் தலையில் கோடிட்ட ரோமன் 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் தோன்றும். அந்த இரண்டு குறிகள் திரும்பத் திரும்ப வந்தால், அங்கே தமிழ் இருந்தது என்று பொருள்.

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு இந்த வலி இன்னும் நெருக்கம். எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் மாறிய காலத்தில் வானவில் போன்றவற்றில் தட்டிய கோப்புகள் மலைபோல் குவிந்தன. 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயம், யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தரமாக ஏற்று அரசாணை வந்தது. கோலாலம்பூரும் இந்தக் கதையில் உண்டு: 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு இங்கே நடந்தது, தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் அதிகாரி உமாசங்கர் தலைமையில் தன் அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியதும் அந்தப் பத்தாண்டுகளில்தான். ஊழியர் மறுப்பார்கள் என்று பயந்த மற்ற அலுவலகங்களுக்கு அது ஒரு கண்முன் சாட்சி.

உள்வலையைத் திறமூலத்தில் நடத்துவது ஏழை நாடுகளின் சிக்கனம் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் அமெரிக்க உளவு அமைப்புகள் 2006-இல் வெளிப்படையாக அறிவித்த 'இன்டெலிபீடியா', விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில், வெளியார் எட்ட முடியாத வலைக்குள் ஓடுகிறது. கனடா அரசு 2008-இல் தன் ஊழியர்கள் எல்லோருக்குமாக 'ஜிசிபீடியா'வை அதே மென்பொருளில் தொடங்கியது. பிரிட்டனின் நீதி அமைச்சு தன் உள்வலையை வேர்ட்பிரஸில் கட்டியதோடு நிற்காமல், அதன் நிரலையே பொதுவில் வைத்திருக்கிறது. பக்கங்களுக்குள் இருப்பது ரகசியம்; பக்கங்களைத் தாங்கும் நிரல் ரகசியமாக இருக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பில் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து பேசுவது நேர்மையாகாது. 2025 ஜூலையில் சொந்த வழங்கியில் ஓடிய ஷேர்பாயிண்ட்கள் உலகெங்கும் உடைக்கப்பட்டன; அமெரிக்க அரசு அமைப்புகளும் தப்பவில்லை. திறமூலத்திலும் தழும்புகள் இருக்கின்றன. 2014 அக்டோபர் 15 அன்று துருப்பலில் ஓர் ஓட்டை அறிவிக்கப்பட்டது. ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளம் உடைந்துவிட்டது என்றே எண்ணிக்கொள்ளுங்கள் என்று துருப்பல் பாதுகாப்புக் குழுவே பிறகு எச்சரித்தது. ஏழு மணி நேரம்! அறிவிப்பு மலேசியாவில் நள்ளிரவை ஒட்டி வந்தது. காலையில் ஊழியர் கணினியைத் திறக்கும் முன் கெடு முடிந்திருக்கும். 2023 பிப்ரவரியில் ஜூம்லா 4-இல் தரவுத்தளக் கடவுச்சொல்லே வெளியே கசியும் ஓட்டை அகப்பட்டது. உள்வலை அலுவலகச் சுவருக்குள் இருப்பதால் ஆபத்து குறைவுதான். அந்தத் தெம்பில் ஆண்டுக்கணக்கில் திருத்தம் போடாமல் விட்ட வழங்கிதான், உள்ளே நுழைந்துவிட்ட ஒருவனுக்கு முதல் வீடு.

மாற்றம் ஒருமுறையோடு முடிவதும் இல்லை. 2008-இல் வந்த ஜூம்லா 1.5-க்கு 2012-இல் ஆதரவு நின்றபோது, அதில் எழுதிய வார்ப்புருக்களையும் துணைநிரல்களையும் திரும்ப எழுத வேண்டியிருந்தது. ஜூம்லா 3-இன் காலம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. துருப்பல் 7 பிறந்தது 2011 ஜனவரி 5. பலமுறை தவணை நீட்டி, 2025 ஜனவரி 5 அன்று, சரியாகப் பதினான்கு ஆண்டு கழித்து, விடைபெற்றது. வித்தியாசம் இதுதான்: திறமூலத்தில் தரவு நமக்குத் தெரிந்த அட்டவணைகளில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போக யாருடைய கையெழுத்தும் வேண்டாம். எப்படிப் போவது என்று அறிந்த ஆள் மட்டும் வேண்டும்.

அந்த ஆளைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. மலேசிய அரசுப் பணியில் தகவல் தொழில்நுட்ப அதிகாரிகள் எஃப் பிரிவில் வருகிறார்கள். எஃப் 41 என்று எல்லோருக்கும் பழகிய தரம், 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த புதிய சம்பள முறையில் எஃப் 9 ஆனது. மாம்புவும் அதே ஆண்டில் தேசிய மின்னிலக்கத் துறையாக உருமாறிப் புதிய மின்னிலக்க அமைச்சின் கீழ் வந்தது. பெயர்ப்பலகைகள் மாறலாம். ஆனால் உள்வலையைக் கட்டிய அதிகாரிக்கு இடமாற்ற உத்தரவு வரும்போது, அவர் மூளையிலிருந்த பாதி அலுவலகமும் பெட்டியில் ஏறிவிடுகிறது. எந்தத் துணைநிரலை ஏன் போட்டார், நள்ளிரவுக் காப்புப்படி எங்கே போகிறது, நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம், எந்த நிரலில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதையெல்லாம் எழுதிவைக்காமல் போனால், அடுத்து வருபவர் பயத்தில் எதையும் தொட மாட்டார். தொடாத மென்பொருள் பழசாகும். பழசானதைக் காட்டி, திறமூலம் சரிப்படாது என்று கோப்பு எழுதப்படும். தற்சார்பு என்ற மூன்றாம் கட்டம் உண்மையாக வேண்டுமானால், ஒவ்வோர் அலுவலகத்திலும் இரண்டு பேருக்காவது இந்த வேலை முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் போகும்போது மற்றவர் இருக்க வேண்டும். பயிற்சிக்கான பணத்தை வெட்டிவிட்டு உரிமக் கட்டணம் மிச்சம் என்று கணக்குக் காட்டுவது பெரிய தவறு.

பழைய வழங்கியை நிறுத்துவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனைக்குப் பணமும் வேண்டாம், நிறுவனமும் வேண்டாம். சில வாரம் பழையதும் புதியதும் ஒருசேர ஓடட்டும். பழையதில் புதிதாக எதையும் ஏற்ற அனுமதிக்கக் கூடாது. அந்த இடைவெளியில் ஓட்டுநர், முகப்பு எழுத்தர், கணக்காளர், ஓய்வுபெறப் போகும் தட்டச்சர் என்று பத்துப் பேரை அழைத்து, வாரந்தோறும் அவர்கள் தேடும் ஒன்றைப் புதிய தளத்தில் தேடச் சொல்லலாம். பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். முகப்பு எழுத்தர் தேடல் கட்டத்தில் சுற்றறிக்கை எண்ணை அடிக்கிறார். கடைசியாகத் திருத்திய பிரதி முதலில் வருகிறதா? ஓட்டுநர் மேலதிக நேரப் படிவத்தை எடுக்கிறார், அச்சாகிறதா? தட்டச்சர் ஊழியர் பட்டியலைத் திறந்து, தன் பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டுகிறார். முழுப் பெயரும் வருகிறது: ஏ/பி, நடுவில் சாய்கோடு, அப்பாவின் பெயர், பக்கத்தில் சரியான தொலைபேசி எண்.